பச்சை மாறாமல் வாடும் தக்காளி

பீடோங் வீட்டுத் தோட்டங்களில் பரவும் மண்வியாதியும், ஒட்டுக் கட்டத் தெரிந்த கைகளில் இருக்கும் பரிகாரமும்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங் பட்டணத்துக் கடைத்தெருவைக் கடந்து, வடமேற்கே ஜெராய் மலை பாதி உடல் மேகத்துள் மறைய நிற்பதைப் பார்த்தபடி சற்று தூரம் சென்றால், ஒரு காலத்தில் ரப்பர் நிரை நின்ற மண்ணில் இப்போது வரிசையாக எழுந்துள்ள தாமான் வீடுகளைக் காணலாம். ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில், அத்தகைய வீடொன்றின் கொல்லையில் ஒரு மூதாட்டி இடுப்பளவு வளர்ந்த தக்காளிச் செடியின் முன்னால் திகைத்து நின்றார். பிஞ்சுக் கொத்துகளோடு முந்தின மாலை வரை நிமிர்ந்து நின்ற செடி, இலை ஒன்றுகூடப் பழுக்காமல், புள்ளியோ கறையோ இல்லாமல், பச்சை நிறம் பச்சையாகவே இருக்கத் தலை தொங்கிக் கிடந்தது. அடிமண்ணோ ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு பட்டுப்போச்சு தம்பி. பக்கத்து வீட்டுக்காரி நேத்துத்தான் எத்தனை பிஞ்சுன்னு எண்ணிப் பார்த்துட்டுப் போனா" என்றார் அவர்.

அண்டை வீட்டு அம்மாளின் மேல் விழுந்த பழியை நீக்குவதற்காகவேனும் ஒரு பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றில் வெட்டுவாய் மட்டும் மூழ்கும்படி அசையாமல் பிடித்துக்கொண்டோம். சில நிமிஷங்களில், வெட்டிய பட்டையிலிருந்து மங்குக்குள் இறங்கும் ரப்பர்ப் பாலைப் போலவே, வெண்மையான மெல்லிய இழையொன்று தண்டிலிருந்து புறப்பட்டுத் தம்ளரின் அடியை நோக்கி இறங்கலாயிற்று. ஆயுளின் பெரும்பகுதியைப் பால்வெட்டிலேயே கழித்த அந்த அம்மையார் குனிந்து பார்த்துவிட்டு, "தக்காளியில ஏது பாலு?" என்று கேட்டார்.

அது பால் அன்று. கோடிக்கணக்கான பாக்டீரியாக் கிருமிகளும் அவை சுரக்கும் பசையும் சேர்ந்த திரவம்.

மண்ணுக்குள் இருக்கும் சத்துரு

இந்த வியாதிக்குப் பாக்டீரியா வாடல் நோய் என்று பெயர். அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் 1896ஆம் ஆண்டில் இதை உண்டாக்கும் கிருமியை விவரித்தார்; பல பெயர்கள் சூட்டப்பட்டு மாற்றப்பட்டபின், 1995 முதல் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது. நாற்று நடும்போது அறுந்த வேர், களைக்கொட்டு பட்ட காயம், நூற்புழு துளைத்த துவாரம் ஆகிய ஏதாவதொரு வாசல் வழியே அது உட்புகுந்து, வேரிலிருந்து இலைக்கு ஜலத்தை ஏற்றிச் செல்லும் நுண்குழாய்களில் பெருகி, தன் பசையினாலேயே அவற்றை அடைத்துவிடுகிறது. காலடியில் தண்ணீர் நிரம்பி நிற்கச் செடி தாகத்தால் மாள்வதும், இலை பழுப்பதற்குக்கூட அவகாசமின்றிப் பச்சையாகவே தொங்குவதும் இதனால்தான். முதல் இரண்டொரு நாட்கள் பகலில் வாடி இரவில் நிமிர்ந்து வீட்டாருக்கு வீணான நம்பிக்கையை ஊட்டுவதும் உண்டு.

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, இஞ்சி, வாழை என்று 50க்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் 200க்கு மேற்பட்ட இனங்கள் இந்தக் கிருமிக்கு இடங்கொடுப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கொல்லை ஓரத்தில் தானாக முளைத்து, நாம் விருப்பத்தோடு வளரவிடும் மணத்தக்காளியும் அந்தப் பட்டியலில் உண்டு. தான் வாடாமலே தன் வேரில் கிருமியை வைத்துப் போஷிக்கக்கூடியது அது. செடியே இல்லாமற்போனாலும் ஈரமண்ணில் இந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் உயிர் தரித்திருக்கும். 25 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பமும் ஓயாத ஈரமும் அதற்கு மிகவும் உகந்தவை. கெடா மாநிலத்தின் தென்பகுதியில் வருஷம் முழுவதும் நிலவுவது ஏறக்குறைய அந்தச் சீதோஷ்ணமே.

இந்த இடத்தில் ஒரு சரித்திர விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ரப்பரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தக்காளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் சந்ததி மறு வருஷம் சிங்கப்பூரை அடைந்தபோது, அம்மரத்தின் பரமசத்துருவான இலைக்கருகல் நோய் சமுத்திரத்துக்கு அப்பாலேயே தங்கிவிட்டது. பின்னாளில் ஹென்றி போர்டு, பிரேசிலிலேயே பெருந்தோட்டம் அமைக்க முயன்று அந்நோயினால் நொந்துபோன காலத்தில், மலாயாவின் ரப்பர் தழைத்துக் கொழித்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். தக்காளிக்கு வாய்த்த விதியோ நேர்மாறானது. தன் சொந்த மண்ணை விட்டு வந்து, ஆசிய மண்ணிலேயே ஊறிப்போன வாடல் கிருமியின் வாயில் அது விழுந்தது.

பெட்டிச் செய்தி: தம்ளர்ப் பரீட்சை

வாடிய செடியின் தண்டை மண்ணை ஒட்டினாற்போல் வெட்டுக. ஒரு விரல் நீளத் துண்டை, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் மட்டும் மூழ்குமாறு பிடிக்க. சில நிமிஷங்களில் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை இறங்காமல், அடியிலைகள் முன்னரே மஞ்சளித்து, தண்டின் உட்புறம் பழுப்பேறியிருந்தால் பெரும்பாலும் பியூசேரியம் என்னும் பூஞ்சணத்தின் வேலை. வேரில் முண்டும் முடிச்சுமாக இருந்தால் நூற்புழு. பரீட்சை முடிந்ததும் அத்தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுக. கத்தியைக் குளோராக்ஸ் கலந்த நீரில் கழுவுக.

மலைத் தக்காளியும் சமவெளி ஆசையும்

நம் நாட்டுச் சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி, உயரத்திலுள்ள குளிர்ந்த கேமரன் மலையிலும் அதையடுத்த லோஜிங்கிலும் விளைவது. 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, ஏற்றிச்செல்ல வழியின்றி அங்குள்ள விவசாயிகள் காய்கறிகளை டன் கணக்கில் கொட்டி அழித்த படங்களைப் பார்த்துக்கொண்டே, சமவெளிவாசிகளான நாம் கடையில் தக்காளி கிடைக்காமல் திரும்பினோம். அந்த ஆண்டில்தான் பலர் பாலிபேக் வாங்கி மண் நிரப்பத் தொடங்கினார்கள். 2023 ஆடி மாதத்தில் இந்தியாவில் கிலோ 200 ரூபாயைத் தொட்டு, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்த செய்தி, தக்காளி இல்லாமல் ரசமும் இல்லை, மீன் குழம்பும் இல்லை என்று இருக்கும் நம் சமையற்கட்டுகளில் ஆசையை மேலும் கிளறிவிட்டது.

ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குக் கொல்லைப் பயிர் புதிதன்று. குடும்பஸ்தனான ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்யத் தரவேண்டும் என்று பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டம் ஏட்டிலாவது எழுதிவைத்தது. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு நிலத்தில் பயிரிடும்படி தேசத்தையே தூண்டினார். ஆனால் அன்று லயத்துக் கொல்லையில் விளைந்தவை முருங்கை, கத்தரி, வெண்டை, மரவள்ளி, பசலை போன்ற உஷ்ணம் தாங்கும் பயிர்கள். தக்காளியின் சுபாவம் வேறு. இரவு வெப்பம் 20 டிகிரிக்குச் சற்று மேலேறினாலே அதன் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரத் தொடங்கும். பழுத்தாலும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் இடத்தில் செந்நிறம் ஏறாமல் மஞ்சள் கலந்தே நிற்கும். "பூக்குது, காய்க்கல" என்று அங்கலாய்ப்பவர்கள் உரத்தைக் கூட்டிப் பயனில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும்.

ஒரு செடியோடு போவதில்லை

செத்த செடியைப் பிடுங்கி எங்கே எறிகிறோம் என்பதில்தான் விபரீதம் ஆரம்பமாகிறது. வேரோடும் மண்ணோடும் லோங்காங் என்ற வடிகாலில் வீசிவிடுவதே நம் வழக்கம். தாமானில் ஒரு வரிசைக்கு ஒரே லோங்காங். கனமழையில் அது பொங்கி எல்லாக் கொல்லைகளிலும் ஏறி இறங்குகிறது. மேல்வீட்டுத் தக்காளியைக் கொன்ற கிருமி, மறுவாரம் கீழ்வீட்டு மிளகாய்க்கும் அடுத்த மாதம் கோடிவீட்டுக் கத்தரிக்கும் இப்படித்தான் போய்ச் சேருகிறது. இரவல் கொடுத்த சங்குல் மண்வெட்டியும், சிலிப்பரின் அடியில் ஒட்டிய மண்ணும், மலிவாகக் கிடைக்கிறதென்று லாரியில் வரவழைத்துக் கொட்டிய மேல்மண்ணும் அதே கைங்கரியத்தைச் செய்கின்றன. ஒருவர் கொல்லை நோயுற்றால் வரிசையே நோயுறுகிற இந்த விஷயத்தில், அண்டை வீட்டாரின் கண்ணைக் காட்டிலும் அவர் கடன் வாங்கிய மண்வெட்டியைச் சந்தேகிப்பதே நியாயம்.

இரண்டாவது விளைவு அதனினும் கவலைக்குரியது. செடி வாடியதும் கை மருந்துப் புட்டியைத் தேடுகிறது. முதலில் பூஞ்சண மருந்து, அது பலிக்காதபோது பூச்சி மருந்து, பிறகு இரண்டையும் கலந்து ஒரு கஷாயம். பாக்டீரியா வாடலுக்கு இலைமேல் தெளிக்கும் எந்த மருந்தும் பரிகாரமாகாது. வியாதி குடியிருக்கும் இடம் குழாயின் உள்ளே. ஆகவே, செடி எப்படியும் சாகிறது; விஷம் மட்டும் மண்ணிலும், பக்கத்தில் நின்ற கீரையிலும், குழந்தைகள் விளையாடும் தரையிலும் தங்குகிறது.

விஷத்தின் விஷயத்தில் தோட்டத்துச் சமூகத்துக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. முதுகில் பம்பு சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் களைக்கொல்லி அடித்த பெண்களின் நகம் கறுத்ததையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தெனாகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பிரதேசத்தில் பூச்சிமருந்துகளை எதிர்க்கும் இயக்கம் ஒன்றுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இப்பெண்களின் நிலையை ஊரறியச் செய்தது. அதே ஆண்டில் பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அரசாங்கம் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக விலக்கியது. அம்மாவின் நுரையீரல் கெட்ட கதையைச் சொல்லி வருந்தும் பிள்ளைகளே, இன்று வீட்டுக் கொல்லையில் அளவு பாராமல் மருந்து ஊற்றுவதைக் காணும்போது நாம் எதை நொந்துகொள்வது என்று தெரியவில்லை.

பெட்டிச் செய்தி: மருந்து எதற்குப் பயன்படும்?

அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது முன்கருகல் என்ற பூஞ்சண நோய். அந்த இலைகளைக் கிள்ளி அகற்றி, இலை நனையாமல் வேரில் மட்டும் காலையில் நீர் விட்டு, கொடியைக் குச்சியில் கட்டிக் காற்றோட்டம் தந்தாலே பாதி அடங்கும். மிஞ்சினால் தாமிர மருந்து. பிரான்சில் போர்டோ பிரதேசத்தில் மில்லர்டே 1885இல் திராட்சைக்காகக் கண்ட துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையின் வழிவந்தது அது. இலை சுருண்டு குருத்துச் சிறுத்தால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். செடியை அகற்றுவதே வழி. காயின் அடிப்புறம் கறுத்து அழுகுவது நோயே அன்று. நீர் ஒரு நாள் வெள்ளமும் ஒரு நாள் வறட்சியுமாக மாறுவதால் சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போய்ச் சேராமையே காரணம்.

வெற்றிலைப் பாக்கோடு புகையிலை போடுகிற பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். தக்காளி மொசைக் வைரஸின் நெருங்கிய உறவான புகையிலை மொசைக் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் அழியாதிருந்து, விரல் வழியே தக்காளிக்குத் தாவக்கூடியது. 1890களில் வைரஸ் என்ற ஒன்று உண்டென்று உலகம் முதன்முதல் உணர்ந்ததே புகையிலையின் அந்த மொசைக் நோயை ஆராய்ந்தபோதுதான். நாற்றைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுவது போதும். புகையிலையை விடச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்ததே!

ஒட்டுக் கட்டிய கைகள்

வாடலுக்கு மருந்தில்லை என்றால் தக்காளியே வேண்டாமா என்று கேட்கலாம். இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. ஒன்று, நோய் தாங்கும் ரகம். 1969இல் நிறுவப்பட்ட மார்டி என்ற மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், சமவெளி உஷ்ணத்துக்கென்றே எம்டி 1, எம்டி 11 என்ற தக்காளி ரகங்களைத் தந்திருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்களும், பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற கலப்பினமும் வாடலைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டவை. பெரும்பாலோர் செய்வதோ, கடையில் வாங்கிய மலைத்தக்காளியைப் பிசைந்து அதன் விதையைத் தூவுவது. குளிர்மலைக்கும் மழைக்கூடாரத்துக்கும் ஏற்ற கலப்பினத்தின் பிள்ளையை ஐப்பசி மழையில் பீடோங் மண்ணில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

மற்றது ஒட்டு. இதைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இது நம்முடைய கலை. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றி, ஆர்ஆர்ஐஎம் 600 முதலான உயர்ரகங்களைத் தோட்டந்தோறும் பரப்பிய காலத்தில், நாற்றின் பட்டையைச் சன்னலாகக் கீறித் திறந்து, உயர்ரகத்தின் கண்ணை அதில் பொருத்தி, நாடாவால் இறுகச் சுற்றி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்து, பச்சை தெரிந்தால் மகிழ்ந்து நின்றவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். வேர் ஒருவருடையது, பால் ஒருவருடையது என்னும் ரகசியத்தை ஏடு பார்க்காமல் விரலாலேயே அறிந்தவர்கள் அவர்கள்.

தக்காளிக்கும் அதே தத்துவம்தான். தாய்வானில் 1971இல் ஸ்தாபிக்கப்பட்ட உலகக் காய்கறி மையம், வாடலைத் தாங்கும் ஈஜி 203 போன்ற கத்தரி இனங்களின் வேரில் தக்காளியை ஒட்டும் முறையை ஆசிய நாடுகளில் பரப்பியது. கத்தரி வேருக்கு இன்னொரு குணம், தேங்கும் நீரைத் தக்காளி வேரைவிட அதிகநேரம் பொறுத்துக்கொள்ளும். சாதாரணக் கத்தரி எல்லாம் இதற்கு உதவாது. பல கத்தரிகள் தாமே வாடுகிறவை. கையெட்டும் தூரத்தில் இருக்கும் நம்பகமான வேர் சுண்டையினுடையது. லோங்காங் ஓரங்களிலும் செம்பனைக் காட்டின் விளிம்பிலும் முள்ளோடு செழித்து நிற்கும் அதே சுண்டைக்காய்ச் செடி, வாடல் கிருமிக்கு இலேசில் பணியாத தக்காளி ஜாதிக்காரன். வற்றலுக்கு மட்டுமே அதைத் தேடுகிறோம்.

செய்கிற விதம் இது. சுண்டை மந்தமாக முளைப்பது. ஆகவே தக்காளிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே விதைக்கவேண்டும். இரண்டின் தண்டும் ஈர்க்குச்சிப் பருமனில் ஒத்திருக்கும் சமயத்தில், சுண்டை நாற்றை அதன் வித்திலைகளுக்கு மேலே புதிய சவரபிளேடால் ஒரே சாய்வாக வெட்டுக. தக்காளியையும் அதே சாய்வில் வெட்டித் தலைப்பகுதியை எடுத்துக்கொள்க. இரு வெட்டுவாயும் முழுவதும் படியும்படி பொருத்தி, நெடுக்கே கீறிய மெல்லிய ரப்பர்க் குழாய்த்துண்டை மேலே மாட்டினால் ஒட்டு நிற்கும். பின்னர் ஒருவாரம் நிழலில், நீர் தெளித்துப் பிளாஸ்டிக் பையால் மூடி வைத்து, சிறிது சிறிதாகக் காற்றும் வெளிச்சமும் காட்டவேண்டும். நடும்போது ஒட்டின் வாய் மண்ணுக்கு மேலேயே இருப்பது அவசியம். நாற்றை ஆழ ஊன்றும் நம் பழக்கத்தின்படி ஒட்டையும் புதைத்துவிட்டால், தக்காளித் தண்டு தன் சொந்த வேரை விட்டு, கிருமிக்குப் பழைய வாசலைத் திறந்துவிடும். சுண்டை வேரடியில் விடும் துளிர்களையும் அவ்வப்போது கிள்ளவேண்டும்.

முதல் முயற்சியிலேயே எல்லாம் கைகூடும் என்று சொல்வதற்கில்லை. அதிகமாகவே ஒட்டி, பிழைத்ததை நடுவதுதான் அன்றைய நாற்றங்காலின் வழக்கமும்.

பெட்டிச் செய்தி: பையும் மண்ணும்

தரைமண் ஒருமுறை நோய்ப்பட்டால், அடுத்த பயிரைப் பாலிபேக்கில் ஏற்றிவிடுவது நல்லது. மேல்மண் 3, மக்கிய எரு 2, மணல் 1 என்பது நம் நாற்றங்கால்களில் வழங்கும் பங்கு. மேல்மண் சந்தேகமாயிருந்தால் அதை விலக்கித் தென்னைநார்த் தூளில் நீருரம் விட்டு வளர்க்கலாம். பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுக. பழைய ரப்பர் நிலத்தின் மண் புளிப்பானது. தரையிலேயே நடுவதாயின் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பு டோலமைட் சுண்ணாம்பு இடுக.

தரைமண்ணைச் சும்மா போடவேண்டியதில்லை. சோளம் போன்ற புல்லினப் பயிர்களைச் சில பருவங்கள் மாற்றி மாற்றி வைத்தால் கிருமியின் பலம் குறையும். தாய்வான் விவசாயிகள் நெல் அறுத்த வயலில், தண்ணீர் கட்டிக் கிடந்ததால் நோய் தணிந்த மண்ணில், தக்காளி நடுவார்கள். முடா நீர்ப்பாசனத்தால் இரு போகமும் நெல்லாகிவிட்ட நம் கெடாவில் அப்படியொரு இடைவெளிப் பயிருக்கு இடமில்லை.

பருவத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். இந்தப் பகுதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழையின் ஆதிக்கம். டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் வெளுத்து, இரவுகளும் சற்றுக் குளிர்கின்றன. பண்டிகைச் சமையலுக்குப் பழம் வேண்டுமென்று ஆடி ஆவணியில் நடுகிறவர்கள், செடி காய்க்கும் பருவத்தில் மழையின் உச்சத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். புரட்டாசியில் சுண்டை விதை, தீபாவளியை ஒட்டித் தக்காளி விதை, கார்த்திகையில் ஒட்டு, மார்கழி பிறந்ததும் நடவு என்று கொண்டால், தை மாதத்தின் வறண்ட காற்றில் பூ நின்று, ரப்பர் இலை உதிரும் மாசியிலும் அதையடுத்த பங்குனியிலும் பழம் பறிக்கலாம். இவ்வருஷச் சாகுபடிக்குச் சுண்டை விதையை இப்போதே எடுத்து வைக்கவேண்டும். பழம் மஞ்சளாகி மெத்தென்றான பிறகு பறித்தால்தான் அது முளைக்கும்.